காற்றும் கடலும் நமது அடுப்பும்

(பங்கின் நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் மாலை, கடல்தொழிலாளர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நமது பங்கு நூறாண்டு நிறைவு காணும் இந்நாள்களில், கோயில் எழுந்த வரலாற்றையும், இங்குப் பணியாற்றிச் சென்ற குருக்களின் தொண்டையும் பிறர் சிறப்புற எடுத்துரைத்தனர். இம்மாலை நமக்கு ஒதுக்கப்பட்ட பொருள் வேறு. "நிலையில்லாக் காற்றும் நம் மீனவர் வாழ்வும்" என்று விழாக் குழுவினர் தலைப்பிட்டிருக்கின்றனர். ஒரு நாளும் துடுப்புப் பிடித்தறியாத நாம், கடலிலே பிறந்து வளர்ந்த உங்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோலத்தான். ஆகவே உங்களுக்குக் கற்பிக்க அன்று, உங்களிடம் கற்றதைத் திருப்பிச் சொல்லவும், ஒரு வேண்டுகோளை முன்வைக்கவுமே நிற்கிறோம்.

விழா மலருக்குச் செய்தி திரட்டும்பொருட்டுப் பங்கின் பழைய ஏடுகளைப் புரட்டினோம். இறந்தோர் பதிவேட்டில், அடக்கம் செய்த இடத்தைக் குறிக்க ஒரு கட்டம் உண்டு. "பங்குக் கல்லறை" என்று பக்கம் பக்கமாக வரும் அந்தக் கட்டத்தில், இடையிடையே வேறொரு வரி எதிர்ப்படுகிறது: "கடலில் மறைந்தார். உடல் கிடைக்கவில்லை." மை மங்கிய அந்த வரிகளைப் படித்தபின் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த நூறாண்டின் ஏட்டில் அந்த வரி எத்தனை முறை எழுதப்படும் என்பது கடலின் கையில் மட்டுமா இருக்கிறது? நம் கையிலும் இல்லையா? இந்தக் கேள்வியை உங்கள்முன் வைக்கவே இவ்வுரை.

நாம் உழவர் குடியில் பிறந்தவர். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்றோம். காற்றின் பெயர்களை அங்கு யாரும் கற்பிக்கவில்லை. அவற்றை இவ்வூர்க் குருசடித் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே கற்பித்தனர். வடக்கிருந்து வருவது வாடை; கிழக்கிருந்து வருவது கொண்டல்; மேற்கிருந்து வருவது கச்சான்; தெற்கிருந்து வருவது சோழகம். விடியுமுன் கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றில் பாய் விரித்துப் போவதும், பகலில் கடலிலிருந்து கரை நோக்கித் திரும்பும் காற்றில் வந்து சேர்வதும் கட்டுமரக் காலத்து ஒழுங்கு. கோயில் கோபுரத்தையும் அதன் பின்னுள்ள மலைமுகட்டையும் ஒரு நேர்கோட்டில் நிறுத்தி, வேறு இரண்டு அடையாளங்களை இன்னொரு கோட்டில் நிறுத்தி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீருக்கடியிலுள்ள பாரைக் கண்டறியும் கணக்கு, எந்தப் பள்ளியிலும் படியாதவர் தலைக்குள் இருந்தது. நிலவைச் சுற்றிய வட்டம், கீழ்வானத்து மின்னல், நீரின் நிறம், ஓட்டத்தின் போக்கு, காற்றில்லாத நேரத்தில் வரும் கனத்த அலை, இவையெல்லாம் அவர்களுக்கு எழுத்துகள். மாலை வானம் சிவந்தால் நாளை நல்ல நாள் என்று கணிக்கத் தெரிந்த மக்களைப் பற்றி நம் ஆண்டவரும் பேசியதை மத்தேயு நற்செய்தியில் காண்கிறோம். கலிலேயக் கடற்கரையிலும் இந்த எழுத்தை வாசித்தவர்கள் இருந்தனர்.

ஆனால் இப்போது அந்தப் பெரியவர்களே, "சாமி, காற்று மாசம் தப்பி வருது" என்கிறார்கள். ஆனியிலும் ஆடியிலும் கடல் சீறும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த மாதங்களுக்கென்று உப்பிட்டு உலர்த்திய கருவாடும், சீட்டுப் பணமும், வலை செப்பனிடும் வேலையும் வைத்திருந்தார்கள். சீற்றத்தை அவர்கள் அஞ்சியதில்லை. சீறும் என்று அறிந்த காலத்தில் சீறுவதோடு வாழப் பழகிக்கொண்டார்கள். சீறாத மாதத்தில் சீறுவதுதான் அவர்களைக் கலங்கச் செய்கிறது. அறிவியல் அறிஞரும் இதை மறுக்கவில்லை. அரபிக் கடல் முன்னைவிடச் சூடேறியிருக்கிறது. அண்மைப் பத்தாண்டுகளில் அங்கே எழும் புயல்களின் எண்ணிக்கையும் வலிமையும் கூடியிருக்கின்றன. சூடான நீரின்மேல் புயல் விரைந்து வலுக்கிறது என்கின்றனர். பாட்டனார் கண்ணால் கண்டதைக் கருவி எண்ணால் உரைக்கிறது.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், கோட்டாற்றில் புனித சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நாள்களில், ஒக்கி வந்தது. நவம்பர் 29 காலையில் அது ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் 30ஆம் தேதி காலையில் அது குமரிக்கு அருகே புயலாகிவிட்டது. இடையில் ஒரே ஒரு பகலும் ஓர் இரவும். நாம் அப்போது இம்மாவட்டத்தின் உள்நாட்டுப் பங்கொன்றில் இருந்தோம். வாழைத் தோட்டங்கள் சாய்ந்தன. ரப்பர் மரங்கள் முறிந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. வாழைக்காக அழுத நம் மக்களோடு நாமும் அழுதோம். பின்னரே கடற்கரையிலிருந்து செய்தி வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை எனத் தொடரும் ஊர்களிலிருந்து பல வாரத் தங்கலுக்காக ஆழ்கடல் சென்றவர்கள் திரும்பவில்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலுமாக முந்நூறுக்கு மேற்பட்ட மீனவர் உயிர் போயிற்று. அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறை இல்லை.

அந்த நாள்களின் ஒரு காட்சியை மறக்க இயலாது. கடலில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்தப் படகில் யார் யார் சென்றார்கள் என்று உடனே சொல்ல எவரிடமும் முழுமையான ஏடு இல்லை. பங்கு பங்காக, வீடு வீடாகச் சென்று, தாயிடமும் மனைவியிடமும் கேட்டுக் கேட்டுப் பெயர்களை எழுதினார்கள். போனவரின் பெயர், போன பிறகு எழுதப்பட்டது. போகுமுன் எழுதப்பட்டிருக்குமானால்? இதை மனத்தில் வைத்திருங்கள். பிறகு இதற்குத் திரும்புவோம்.

ஒக்கிக்குப் பின் கருவிகள் வந்தன என்பது உண்மை. கைப்பேசிக் கோபுரத்தின் தொடர்பு கரையிலிருந்து சுமார் 10 அல்லது 12 கிலோமீட்டரோடு ஓய்ந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பவருக்குச் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை சேர்க்கும் ஜெமினி என்னும் கருவி 2019இல் அறிமுகமாயிற்று. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலையின் உயரத்தையும், காற்றையும், நீரோட்டத்தையும் முன்கூட்டிக் கணித்து வெளியிடுகிறது. நம் பெரியவர்கள் கள்ளக்கடல் என்று அழைக்கும் அந்தத் திருட்டு அலையையும் இப்போது முன்னறிவிக்கிறார்கள். இங்கே காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவாக இருக்கிறது. ஆனால் தென்கோடிப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயல் கிளப்பிய அலை, சில நாள் பயணம் செய்து, ஓசையின்றி நம் கரையில் வந்து ஏறுகிறது. 2024 மே மாதத்தில் நம் மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை இழுத்துச் சென்றதும் அத்தகைய நாள்களில்தான். கள்ளக்கடலைப் பெயர் சொல்லி அழைத்தது நம் முன்னோர். அது புறப்படும் இடத்தைக் கண்டு சொன்னது அறிவியல். இவ்விரண்டையும் பகையாக்குவது மடமை.

ஆயினும் ஒரு குறையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். "குமரிக் கடல், மன்னார் வளைகுடாப் பகுதிகளில் மணிக்கு 40 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் பலத்த காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற வகையில் எச்சரிக்கை வருகிறது. அது பரந்த கடல் முழுவதற்கும் சொல்லப்படுவது. நம் பைபர் வள்ளக்காரரோ கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் வலை போட்டு நண்பகலுக்குள் திரும்புபவர். எச்சரித்த நாளில் நம் கரையில் இலை அசையாமலும் இருக்கலாம்; எச்சரிக்கை இல்லாத நாளில் திடீர்க் காற்று புரட்டியும் விடலாம். அதுமட்டுமன்று. விசைப்படகுக்கு ஆழ்கடல் ஆபத்து. வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் கரையோரத்தில் அலை உடையும் அந்தச் சிறு தொலைவே பேராபத்து. போகும்போது அதைத் தாண்ட வேண்டும். மீன் நிறைந்த கனத்தோடு திரும்பும்போதும் தாண்ட வேண்டும். அந்த அலையை நம் கரைக்கென்று தனியே கணித்துச் சொல்வது, அதே கரையில் ஐம்பது ஆண்டு நின்றவரின் கண்தான்.

இனி, நமது குற்றத்தைச் சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள். நாம் இப்பங்குக்கு வந்த இரண்டாம் ஆண்டில், தொடர்ந்து நான்கு நாள் எச்சரிக்கை வந்தது. நான்கு நாளும் கோயில் ஒலிபெருக்கியில் உரத்த குரலில் அறிவித்தோம். நீங்களும் கீழ்ப்படிந்து வள்ளங்களை மேலே ஏற்றி வைத்தீர்கள். கடலோ குளம்போலக் கிடந்தது. பக்கத்து ஊரார் போய்ச் சாளை அள்ளி வந்தனர். நான்காம் நாள் மாலை ஒரு தாய் நம் அறைவீட்டு வாசலில் வந்து நின்று, "சாமி, மைக்கில காற்றைச் சொன்ன வாயால அரிசிக்கும் ஒரு வழி சொல்லுங்க" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை. வெட்கம்தான் இருந்தது. அந்த வெட்கம் நம்மைத் தவறான வழியில் நடத்தியது. அடுத்த முறை எச்சரிக்கை வந்தபோது, திருப்பலி அறிவிப்புகளோடு அறிவிப்பாக, தாழ்ந்த குரலில் அதை வாசித்து முடித்துவிட்டோம்.

அன்று நான்கு இளைஞர் சென்றனர். திரும்பும்போது கரையலையில் வள்ளம் கவிழ்ந்தது. மூவர் நீந்தி ஏறினர். நான்காமவரை மாலை மயங்கும் வரை தேடினோம். அவருடைய தாய் மணலில் அமர்ந்து ஒரு சொல்லும் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கேற்றும் நேரத்தில், ஒரு மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்தபடி மிதந்த அவரை வேறோர் ஊர் வள்ளத்தார் தூக்கி வந்தனர். இறைவனுக்கு நன்றி. எஞ்சினும் வலையும் போயின. அவற்றின்மேல் வாங்கிய கடன் மட்டும் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த இளைஞரைக் காணச் சென்றோம். "தம்பி, எச்சரிக்கை சொன்னோமே, நம்பவில்லையா?" என்று கேட்டோம். அவர் சொன்னார்: "சாமி, காற்று வரும்னு தெரியாமலா போனோம்? வெள்ளிக்கிழமை தவணைக்காரன் வருவான்னும் தெரியுமே."

அன்பர்களே, குருமடத்தில் படித்த நூல்கள் தராத ஒளியை அந்த ஒரு வாக்கியம் நமக்குத் தந்தது. மீனவர் துணிச்சலால் போகிறார், அறியாமையால் போகிறார் என்று கரையிலிருப்போர் பேசுகிறோம். அது பெரும்பாலும் உண்மையன்று. அவர் இரண்டு எச்சரிக்கைகளைக் கேட்கிறார். ஒன்று வானத்திலிருந்து வருகிறது. மற்றொன்று அடுப்பிலிருந்து வருகிறது. வானத்து எச்சரிக்கை ஒருவேளை பொய்க்கலாம். அடுப்பினது ஒருநாளும் பொய்ப்பதில்லை. ஆகவே அவர் போகிறார். முன்னறிவிப்பை எவ்வளவு செம்மையாக்கினாலும், போகாதிருப்பவன் பட்டினி கிடப்பான் என்றால், அந்த அறிவிப்பால் பயன் என்ன?

திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை படித்துப் பாருங்கள். புனித பவுல் கைதியாகக் கப்பலில் செல்கிறார். பயணத்திற்கேற்ற பருவம் கடந்துவிட்டது. மேற்கொண்டு போவது ஆபத்து என்று அவர் எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவனோ கப்பலோட்டியும் கப்பல் உடைமையாளனும் சொன்னதையே கேட்கிறான். அந்தத் துறை குளிர்காலம் தங்க ஏற்றதன்று என்பதால், பெரும்பாலோரும் புறப்படவே விரும்புகின்றனர். தெற்கிலிருந்து மெல்லிய காற்றும் வீசுகிறது. எண்ணியது கைகூடிற்று என்று நங்கூரம் தூக்குகின்றனர். சிறிது நேரத்தில் கடுங்காற்று மோதுகிறது. அந்தக் கப்பலில் இருந்தவர் எல்லாரும் மூடர் அல்லர். தங்குவதற்கு நல்ல இடம் இல்லாததால் புறப்பட்டவர்கள். தங்க இடமிருந்தால் தங்கியிருப்பார்கள். நம் இளைஞர்களுக்கு அந்த இடத்தை, போகாத நாளில் தங்க ஓர் இடத்தை, யார் ஏற்படுத்துவது?

அரசு சிலவற்றைச் செய்கிறது. விசைப்படகுகளுக்கான தடைக்காலத்தில், அதாவது நம் மேற்குக் கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரை, குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை உண்டு. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் செலுத்த, அரசுகள் 3,000 ரூபாய் சேர்த்து, மீன் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. இவை நாள்காட்டியில் முன்பே தெரியும் மாதங்களுக்கானவை. கார்த்திகையில் திடீரென வரும் மூன்று எச்சரிக்கை நாள்களுக்கு, மறுநாள் காலையில் அடுப்பெரிய யார் படியளப்பது?

நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கிறீர்கள் என்று நாம் சொல்லவில்லை. மேற்கே கடல் கொந்தளிக்கும்போது வள்ளத்தை வண்டியிலேற்றிக் கிழக்குத் துறைகளுக்குக் கொண்டுபோகிறீர்கள். வலை போட இயலாத நாளில் தூண்டிலுக்குப் போகிறீர்கள். மலிந்த நாளின் மீனைக் கருவாடாக்கி, இல்லாத நாளுக்கு வைக்கிறவர் நம் பெண்கள். தலையில் கூடை சுமந்து உள்நாட்டுச் சந்தைகளுக்கு நடந்து, கிடைத்ததில் ஒரு பகுதியைச் சீட்டிலே போட்டு, காற்றடிக்கும் நாளில் வீட்டைத் தாங்குகிறவரும் அவர்களே. கடலில் ஆண்கள் காட்டும் வீரத்தைப் பாடாதவர் இல்லை. கரையில் பெண்கள் செய்யும் இந்தக் கணக்கைப் பாடியவர் குறைவு. ஆனால் ஒவ்வொரு வீடும் தனித்தனியே செய்கிறது. தனி வீடு மூன்று நாள் தாங்கும். நான்காம் நாள் வள்ளம் இறங்கிவிடும். இதை ஊரே சேர்ந்து செய்ய வேண்டும் என்பதே நமது வேண்டுகோள். அதனை மூன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, ஓர் ஏடு. குருசடியில் ஒரு புத்தகம் வைப்போம். கடலுக்குப் போகும் ஒவ்வொரு வள்ளமும், எத்தனை பேர், யார் யார், எத்திசை, எப்போது திரும்புவார்கள் என்று எழுதிச் செல்லட்டும். திரும்பியதும் கோடிட்டு அடிக்கட்டும். எழுத ஒரு நிமிடம் ஆகும். 2017இல் நம்மிடம் இல்லாதிருந்தது அந்த ஒரு நிமிடம்.

இரண்டாவது, ஒரு குழு. பெரியவர் இருவர், இளைஞர் இருவர், பெண்களில் ஒருவர். கல்லூரி படித்த நம் பிள்ளைகள் அலை, காற்று அறிவிப்புகளை முதல்நாள் மாலையே பார்த்துச் சொல்லட்டும்; பெரியவர்கள் விடியுமுன் கரையில் நின்று அலையைப் பார்க்கட்டும்; ஐவரும் கலந்து முடிவு சொல்லட்டும். அந்த முடிவை ஒலிபெருக்கியில் நாம் வாசிப்போம். இனித் தாழ்ந்த குரலில் வாசிக்கமாட்டோம். பொய்த்தால் பொய்த்ததென்றும் மறுநாள் அதே ஒலிபெருக்கியில் சொல்வோம். மக்கள் நம்புவது பிழையே செய்யாதவனை அன்று, பிழையை மறைக்காதவனை.

மூன்றாவது, பிடியரிசி. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடும் வழக்கம் நம் தாய்மார்களுக்குப் புதிதன்று. அதனால் எழுந்த கோயில்களும் பள்ளிகளும் எத்தனையோ! வாரந்தோறும் அன்பியத்தார் அதைத் திரட்டட்டும். வள்ளக்காரர் நல்ல பாடு கிடைத்த நாளில் ஏலத் தொகையில் ஒரு சிறு பங்கு தரட்டும். ஆண்டுத் திருவிழா வாணவேடிக்கைச் செலவில் பாதியைக் குறைத்து அதில் சேர்ப்போம். ஐவர் குழு "போக வேண்டாம்" என்று அறிவிக்கும் ஒவ்வொரு நாளும், கடலை நம்பிய ஒவ்வொரு வீட்டுக்கும் அந்நாளுக்குரிய அரிசியும் சிறு தொகையும் அங்கிருந்து போகட்டும். இதை யாரும் தர்மம் என்று சொல்ல வேண்டாம். போகாதிருந்தவர் ஊருக்குச் செய்த தொண்டுக்கு ஊர் கொடுக்கும் கூலி அது. தவணைக்காரர்களிடமும் கூட்டாகப் பேசுவோம். தனியாள் கேட்டால் மறுப்பவர், ஊர் கேட்டால் ஒரு வாரம் பொறுப்பார்.

இந்நூற்றாண்டு விழாவையொட்டி நமக்கென ஒரு பணமுடிப்பை நீங்கள் திரட்டி வருவதாக அறிந்தோம். மறைவாகச் செய்தீர்கள், ஆனால் இவ்வூரில் எது மறைவாக இருந்திருக்கிறது? உங்கள் அன்பை மனமார ஏற்கிறோம். அதை அப்படியே அந்தக் கலயத்தின் முதற் பிடியாகப் போடுகிறோம்.

சீடர்களின் படகு அலையில் தத்தளித்தபோது, ஆண்டவர் எழுந்து காற்றைக் கடிந்துகொண்டார். அதே ஆண்டவர், உயிர்த்தபின் ஒரு விடியற்காலையில், இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்காதிருந்த அந்தச் சீடர்களுக்காகக் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்துக் காத்திருந்தார். காற்றை அடக்குவது நம்மால் ஆகாது. கரையில் அடுப்பு மூட்டி வைப்பது நம்மால் ஆகும்.

கூட்டம் முடிந்ததும் குருசடிக்கு வாருங்கள். அந்த ஏடு இன்றிரவே அங்கே இருக்கும். நாளை விடியுமுன் போகிறவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து உங்கள் கையாலேயே கோடிடுங்கள். கடல் மாதா உங்கள் அனைவரையும் கரை சேர்ப்பாராக.